சுவருக்குக் காவல் உண்டு, குடித்தனக்காரனுக்கு?

நியூயார்க் நகரத்திலே ஒரு சீமான், தம் பழைய வீட்டின்மேல் இன்னொரு மாடி எழுப்பிக் கொள்ள விரும்புகிறார். கொல்லைப்புறத்தை நீட்டவேண்டும் என்கிறார். அடியிலே நிலவறை தோண்டவேண்டும் என்கிறார். உடனே ஊரைக் கூட்டி, 'ஆகுமா, ஆகாதா?' என்று விசாரணை நடத்துகிறார்கள். பணம் அவருடையது, வீடு அவருடையது. இதிலே ஊருக்கு என்ன வேலை? அதிலும் ஏழு கடலுக்கு இப்பால் இருக்கும் நமக்கு என்ன வேலை? இப்படிக் கேட்கத் தோன்றும்.

வேலை இருக்கிறது, தோழர்களே! 1886-ல் சிகாகோத் தொழிலாளி சிந்திய இரத்தத்தை நினைந்து, 1923-ல் சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். 'சிகாகோ எங்கே, சென்னை எங்கே?' என்று அவர் தூரத்தை அளந்து கொண்டிருக்கவில்லை. உழைப்பவன் குடியிருக்கும் இடத்தைப் பற்றிய வழக்கு எந்த ஊரிலே நடந்தாலும், அது நம் காதிலே விழ வேண்டிய வழக்குதான்.

வழக்கு நடக்கும் பேட்டையின் பெயர் கிரீன்விச் வில்லேஜ். பெயரில்தான் கிராமம், இருப்பதோ மன்ஹாட்டன் தீவிலே, வானத்தைத் தொடும் கட்டடங்களுக்கு நடுவே. கோணல்மாணலான தெருக்கள், மூன்று நான்கு மாடிச் செங்கல் வீடுகள், வாசலுக்கு ஏறிச் செல்லும் படிகள். 1969 ஏப்ரல் 29-ல் இங்கே 2,000-க்கு மேற்பட்ட கட்டடங்களை ஒன்றாகச் சேர்த்து, 'வரலாற்று வட்டாரம்' என்று அறிவித்தார்கள். அன்று முதல் அங்கே ஒரு ஜன்னலை மாற்ற வேண்டுமானாலும் நகரத்தின் சின்னப் பாதுகாப்புக் கமிஷனுடைய அனுமதி வேண்டும். சில்லறை வேலைக்கு அலுவலகத்திலேயே அனுமதிச் சீட்டுக் கிடைத்துவிடும். பெரும்பாலான விண்ணப்பங்கள் அப்படித்தான் தீர்கின்றன. பெரிய மாறுதல் என்றால், முதலில் அந்தப் பகுதியின் ஆலோசனைச் சபை, பிறகு கமிஷன் முன்னிலையில் பகிரங்க விசாரணை. யாரும் எழுந்து பேசலாம். 'இந்த மாறுதல் இந்த இடத்துக்குத் தகும்' என்று கமிஷன் சான்று கொடுத்த பிறகுதான் கொத்தனார் கரண்டியைத் தொடலாம்.

இந்தச் சட்டம் அதிகாரிகளின் கருணையால் வந்ததல்ல, அவமானத்தால் வந்தது. 1910-ல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா இரயில் நிலையம், பழைய ரோமாபுரியின் மண்டபங்களைப் போலக் கல் தூண்கள் வரிசையாக நிற்க எழுப்பப்பட்ட கட்டடம். தினக்கூலியும் அதன் வழியாகத்தான் போனான், கோடீசுவரனும் அதன் வழியாகத்தான் போனான். இரயில்வேக் கம்பெனிக்கு வருமானம் குறைந்தது. நிலையத்தின் மேலே இருந்த வெறும் ஆகாயத்தையே விலைபேசினார்கள்! 1963 அக்டோபர் 28-ல் இடிக்கத் தொடங்கினார்கள். தடுக்க ஒரு சட்டம் இல்லை. கூச்சல் இருந்தது, கண்ணீர் இருந்தது, கட்டுரைகள் இருந்தன; சட்டம் மட்டும் இல்லை. மண்டபம் மண்ணாகிக்கொண்டிருந்தபோது, 1965 ஏப்ரல் 19-ல், மேயர் ராபர்ட் வாக்னர் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? அதே நகரத்தில் இன்னொரு பெரிய இரயில் நிலையம், கிராண்ட் சென்ட்ரல். அதன் தலைமேல் 55 மாடிக் கோபுரம் கட்டுகிறோம் என்று 1968-ல் திட்டம் கொண்டுவந்தார்கள். கமிஷன் மறுத்தது. 'எங்கள் சொத்து, எங்கள் உரிமை' என்று வழக்காடிக்கொண்டே உச்சநீதிமன்றம் வரை போனார்கள். 1978-ல், ஆறு நீதிபதிகள் ஒருபுறம், மூவர் மறுபுறம் நின்று, நகரத்தின் பக்கம் தீர்ப்பாயிற்று. தனிச்சொத்தைத் தெய்வமாகக் கும்பிடும் அமெரிக்காவிலேயே, 'உன் சொத்துதான். ஆனால் ஊருக்கும் அதிலே பேச்சு உண்டு' என்று சொல்ல வைத்த சட்டம் இது. அந்த அளவிலே இதை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால், பாராட்டிவிட்டு உள்ளே நுழைந்து பாருங்கள்.

கமிஷனிலே 11 பேர். மூன்று கட்டடக்கலைஞர்களாவது இருக்கவேண்டும் என்கிறது சட்டம். வரலாறு அறிந்தவர் ஒருவர், நகர அமைப்போ தோட்ட அமைப்போ தெரிந்தவர் ஒருவர். நகரத்தின் ஐந்து பகுதிகளிலிருந்தும் ஒருவராவது வரவேண்டும். சரி. இன்னொரு நாற்காலியும் உண்டு. அது வீடு நிலம் வாங்கி விற்கும் வியாபாரத்தில் உள்ளவருக்கு! விற்கிறவனுக்குச் சட்டமே இடம் போட்டுக் கொடுத்திருக்கிறது. வாடகை கொடுக்கிறவனுக்கு? அவனுக்கென்று ஒரு நாற்காலியும் சட்டத்தில் இல்லை. தற்செயலாக ஒருவர் வாடகைக்குக் குடியிருப்பவராக இருந்தால், அது அவருடைய சொந்த விஷயம்.

அங்கே கேட்கப்படும் கேள்விகளையும் கேளுங்கள். செங்கல் என்ன நிறம்? ஜன்னலுக்கு எத்தனை கண்ணாடி? புதிய மாடி தெருவிலிருந்து பார்த்தால் தெரியுமா, தெரியாதா? முகப்பின் உச்சியிலுள்ள விளிம்பு பழைய மாதிரியே இருக்குமா? இவை அவசியமற்ற கேள்விகள் என்று நான் சொல்லவில்லை. 1970 மார்ச் 6-ல், பதினோராம் தெருவிலே ஒரு வீடு வெடித்துச் சிதறியது, உள்ளே தீவிரவாத இளைஞர் கூட்டமொன்று வெடிகுண்டு செய்துகொண்டிருந்தது, மூவர் மாண்டனர். அந்தக் காலி மனையில், வீட்டு வரிசையின் நேர்க்கோட்டை உடைத்துக்கொண்டு, முகப்பைத் திருகி வைத்தாற்போல ஒரு வீட்டை ஹியூ ஹார்டி என்ற கலைஞர் வரைந்து கொண்டுவந்தார். பழையபடியே கட்டுவதா, கோணலாகக் கட்டுவதா? 1971-ல் பலத்த விவாதத்துக்குப் பிறகு கமிஷன் கோணலுக்கே அனுமதி தந்தது. வீடு 1978-ல் எழுந்தது. இன்றும் நிற்கிறது. ஒரு சுவர் எந்தப் பக்கம் திரும்புவது என்பதற்கு அவ்வளவு விவாதம்!

அந்த அக்கறையில் கால்வாசியேனும் இன்னொரு கேள்விக்குக் காட்டப்படுகிறதா? 'இந்த வீட்டிலே இன்று எத்தனைக் குடும்பங்கள் இருக்கின்றன? உம்முடைய மாறுதல் முடிந்த பிறகு எத்தனைக் குடும்பங்கள் இருக்கும்?' இதை விண்ணப்பக்காரரிடம் கமிஷன் கேட்பதில்லை. கேட்க அதற்கு அதிகாரமும் இல்லை. கட்டடத்தின் தோற்றம்தான் கமிஷனுடைய எல்லை. அதன் உபயோகம் எல்லைக்கு வெளியே.

இதன் பலன் என்ன தெரியுமா? கிரீன்விச் வில்லேஜில் ஒரு காலத்திலே தச்சன், துறைமுகத் தொழிலாளி, அச்சுக்கோப்பவன், ஏழை எழுத்தாளன் என்று மாடிக்கு ஒரு குடித்தனம், அறைக்கு ஒரு குடித்தனமாக வாழ்ந்த வீடுகள் இருந்தன. ஒண்டுக்குடித்தனம் என்று நாம் சொல்கிறோமே, அதே வாழ்வுதான். அந்த வீடுகளை வாங்கி, குடித்தனங்களை ஒவ்வொன்றாகக் காலி செய்வித்து, தடுப்புச் சுவர்களைத் தட்டி, பின்னால் நீட்டி, கீழே தோண்டி, ஒரே குடும்பத்துக்கான மாளிகை ஆக்குகிறார்கள். சில சமயம் பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தெருவில் நின்று பாருங்கள்: ஒரு செங்கல் மாறவில்லை. அதே கதவு, அதே படி, அதே ஜன்னல். 'வரலாறு காப்பாற்றப்பட்டது' என்று சான்றும் வந்துவிடும். ஐந்து சமையலறை இருந்த இடத்திலே ஒரு சமையலறை. ஐந்து குடும்பத்தின் பிள்ளைகள் ஏறி இறங்கிய படியிலே ஒரு காவற்காரன்.

வாடகைக்காரனைக் காக்கச் சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வில்லேஜை வரலாற்று வட்டாரமாக்கிய அதே 1969-ல்தான், வாடகையைக் கட்டுப்படுத்தி நிலைநிறுத்தும் சட்டமும் அந்த நகரத்தில் வந்தது. 2019-ல் அதிலிருந்த பெரிய ஓட்டைகள் சிலவற்றை அடைத்தார்கள். ஆனால் அது பொதுவாக, ஆறும் அதற்கு மேற்பட்டும் குடியிருப்புகள் கொண்ட பழைய கட்டடங்களுக்குத்தான். நான்கு குடித்தனம், ஐந்து குடித்தனம் இருக்கும் வரிசை வீடுகளோ வில்லேஜ் முழுவதும்! 2024-ல், தக்க காரணமில்லாமல் குடித்தனக்காரரை வெளியேற்றக் கூடாது என்றும் ஒரு சட்டம் வந்தது. மொத்தம் பத்துக் குடியிருப்புக்கு மேல் வைத்திராத சொந்தக்காரருக்கு அதிலே விலக்கு. ஆக, சுவரைக் காக்கும் சட்டம் ஒரு கட்டடத்திலே உட்கார்ந்திருக்கிறது, மனிதனைக் காக்கும் சட்டம் வேறொரு கட்டடத்திலே உட்கார்ந்திருக்கிறது. அந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கொள்வதே இல்லை. பணம் படைத்தவன் இரண்டுக்கும் இடையிலே இருக்கும் சந்திலே புகுந்து போய்விடுகிறான்.

எது வரலாறு, எது வரலாறல்ல என்று கோடு கிழித்ததையும் பாருங்கள். 1969-ல் வட்டாரத்தின் எல்லையைப் போட்டபோது, வாஷிங்டன் சதுக்கத்துக்கு வடக்கே செல்வர்கள் கட்டிய அழகிய வீடுகளெல்லாம் கோட்டுக்குள்ளே. தெற்கே, இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த உழைப்பாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குக் குடியிருப்புகளில் பெரும்பகுதி கோட்டுக்கு வெளியே! அழகில்லையாம், சிறப்பில்லையாம். மூட்டை சுமந்தவன் ஏறிய படிக்கட்டிலே என்ன வரலாறு இருக்க முடியும் என்று நினைத்தார்கள் போலும். அந்தத் தெருக்களையும் வரலாறு என்று ஒப்புக்கொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2010-ல் ஒரு துண்டு, 2013-ல் ஒரு துண்டு, 2016-ல் ஒரு துண்டு. ஊர்க்காரர்கள் மனுப்போட்டு, கூட்டம் போட்டு, விடாமல் நச்சரித்துத்தான் அதுவும் கிடைத்தது. அதற்குள் எத்தனை இடிந்தன, எத்தனை உருமாறின!

சதுக்கத்துக்குக் கிழக்கே, வாஷிங்டன் பிளேஸ் தெருவின் மூலையிலே, பத்து மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. தொழிலாளத் தோழன் ஒவ்வொருவனும் அந்தக் கட்டடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எட்டு, ஒன்பது, பத்தாவது மாடிகளிலே டிரையாங்கிள் என்ற கம்பெனி, பெண்கள் அணியும் மேற்சட்டை தைத்து விற்றது. தைத்தவர்கள் பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 1909 நவம்பர் 22-ல் கூப்பர் யூனியன் மண்டபத்திலே, கிளாரா லெம்லிக் என்ற இளம் தொழிலாளி மேடையேறி, 'பேசியது போதும், வேலை நிறுத்தம் செய்வோம்' என்ற கருத்தை இட்டிஷ் மொழியிலே முழங்கினாள். 20,000 பேருக்கு மேல் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். பல கம்பெனிகள் இறங்கி வந்தன. டிரையாங்கிள் முதலாளிகள் சங்கத்தை அங்கீகரிக்கவே மாட்டோம் என்று நின்றார்கள், நின்றபடியே வென்றார்கள்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடியும் நேரம். எட்டாவது மாடியிலே தீ. ஒன்பதாவது மாடியிலே ஒரு பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. வெளிப்புறத்து இரும்புப் படி பாரம் தாங்காமல் நெளிந்து விழுந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டிற்று. தீயிலே வெந்தவர்களும், ஜன்னலிலிருந்து குதித்துச் செத்தவர்களுமாக 146 பேர். அவர்களிலே 123 பேர் பெண்கள். பதினான்கு வயதுப் பெண்ணும் இருந்தாள்.

கட்டடம் என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை! தீப்பிடிக்காத கட்டடம் என்று சொல்லித்தான் கட்டினார்கள். சொன்ன சொல் பலித்துவிட்டது. சுவர் நின்றது, மனிதர் போனார்கள். அந்த அளவுள்ள கட்டடத்துக்கு மூன்று படிக்கட்டு வேண்டும் என்று கட்டும்போதே கேள்வி எழுந்தது. வெளியே தொங்கும் இரும்புப் படியையே மூன்றாவதாகக் கணக்குக் காட்டி, இரண்டோடு முடித்துக்கொண்டார்கள். அந்த மூன்றாவது படிக்கட்டு எவ்வளவு செலவாகியிருக்கும்? எத்தனை அடி இடத்தை விழுங்கியிருக்கும்? பத்துத் தையல் எந்திரம் போடுகிற இடம் போயிருக்குமா? முதலாளிகள் இருவர்மீதும் வழக்கு நடந்தது; அந்த ஆண்டு டிசம்பரிலேயே விடுதலையானார்கள். காப்புறுதிப் பணம் வந்தது. 1914-ல் செத்தவர் குடும்பங்களுக்கு, ஓர் உயிருக்கு 75 டாலர் வீதம் கொடுத்துக் கணக்கு முடித்தார்கள்.

கட்டடத்துக்கு முதலில் அதைக் கட்டியவரின் பெயர், ஆஷ். 1929-ல் பிரவுன் என்ற சொத்து வியாபாரி அதை நியூயார்க் பல்கலைக் கழகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். அதனால் பிரவுன் கட்டடம் என்று பெயராயிற்று. செத்தவர்களுக்காகச் சுவரிலே சிறு தகடுகள் பதித்தார்கள், தொழிற்சங்கம் உட்பட. 2003 மார்ச் 25-ல் கமிஷன் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. ஆனால் 146 பேரின் பெயர்? அதிலே ஆறு பேர் யார் என்பதே 2011 வரை தெரியாமல் இருந்தது! நூறாண்டு கழித்து, பழைய ஏடுகளைப் புரட்டிப் புரட்டித்தான் அந்தப் பெயர்களைக் கண்டெடுத்தார்கள். ஆண்டுதோறும் மார்ச் 25-ல், ஒவ்வொருவரும் வாழ்ந்த வீட்டு வாசலிலே சுண்ணக்கட்டியால் அவர் பெயரை எழுதும் வழக்கத்தைச் சிலர் தொடங்கினார்கள். மழை வந்தால் அழியும். அடுத்த ஆண்டு மறுபடி எழுதுவார்கள்.

அவர்கள்தான், அவர்களோடு தொழிற்சங்கங்களும் இறந்தவர்களின் சந்ததிகளும் சேர்ந்து, 'இந்தக் கட்டடத்தில் ஒரு மாறுதல் செய்யவேண்டும்' என்று கிளம்பினார்கள். பாதுகாக்கப்பட்ட சுவரிலே, எஃகுப் பட்டை ஒன்றைப் பொருத்தவேண்டும். அதிலே 146 பெயர்களையும் துளையாக வெட்டவேண்டும். கீழே நின்று பார்ப்பவனுக்கு, ஒளியிலே அந்தப் பெயர்கள் தெரியவேண்டும். ஆங்கிலம், இட்டிஷ், இத்தாலி ஆகிய மொழிகளில் வாசகம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் அலைந்து, நிதி சேர்த்து, அனுமதிகள் பெற்று, 2023 அக்டோபர் 11-ல் அதைத் திறந்தார்கள். தீ நடந்து 112 ஆண்டுகளுக்குப் பிறகு, ஆஷ், பிரவுன் என்ற பெயர்களோடு, தைத்தவர்களின் பெயரும் அந்தச் சுவருக்கு வந்தது.

இதுவும் ஒரு மாறுதல்தான். பழைய சுவரிலே ஆணி அடிக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்திருந்தால், இது நடந்திருக்குமா? ஆகவே, 'பழையதைத் தொடாதே' என்பது நம் கட்சியல்ல. தொடலாம். யாருக்காகத் தொடுகிறாய் என்பதுதான் கேள்வி.

சதுக்கத்துக்கு மேற்கே ஜெபர்சன் மார்க்கெட் என்ற இடத்தைப் பாருங்கள். 1877-ல் கட்டி முடித்த நீதிமன்றம். செங்கல் கோபுரமும் மணிக்கூண்டுமாக, ஏதோ பழங்காலக் கோட்டை மாதிரி இருக்கும். 1909 வேலை நிறுத்தத்தில் மறியல் செய்த தையல் பெண்களை அந்த நீதிமன்றத்தில்தான் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 1945-ல் நீதிமன்றம் போய்விட்டது. கட்டடத்தை விற்றுவிட, இடித்து அடுக்குமாடி கட்ட, திட்டம் தயாராயிற்று. ஊர்க்காரர்கள், மார்கோ கேல் என்ற அம்மையார் முன்னின்று, நின்றுபோன மணிக்கூண்டுக் கடிகாரத்தை ஓடவைக்கிறோம் என்று ஆரம்பித்தார்கள். கடிகாரத்தில் தொடங்கிய கிளர்ச்சி கட்டடத்தையே காப்பாற்றிவிட்டது. உள்ளே மாறுதல் செய்து 1967-ல் பொது நூல்நிலையமாகத் திறந்தார்கள். அபராதம் போட்ட மண்டபத்திலே இன்று யாரும் காசில்லாமல் உட்கார்ந்து படிக்கலாம்!

அதே பேட்டையின் ஆற்றங்கரை ஓரத்தில், டெலிபோன் கம்பெனியின் பழைய ஆராய்ச்சிக் கூடம் கூட்டமாகக் காலியாக நின்றது. இடிக்கவில்லை. ரிச்சர்ட் மேயர் என்ற கலைஞரைக் கொண்டு, நடு முற்றத்தின் கூரையை எடுத்து வெளிச்சம் விட்டு, 380-க்கு மேற்பட்ட குடியிருப்புகளாகப் பிரித்து, வருமானம் குறைந்த கலைஞர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விட்டார்கள். 1970-ல் திறந்தது, வெஸ்ட்பெத் என்று பெயர். சின்னமாக அறிவித்ததெல்லாம் பிறகு, 2011-ல். ஒரு கூடத்தைப் பல வீடாக்கியதும் மாறுதல். பல வீட்டை ஒரு மாளிகையாக்குவதும் மாறுதல். இரண்டையும் ஒரே தராசில், செங்கல் நிறத்தைக் கொண்டு மட்டும் நிறுக்கலாமா?

கட்டட முதலாளிகளுக்கு இப்போது ஒரு புதிய பாசம் பிறந்திருக்கிறது. ஏழைகள்மீது! 'இந்தப் பாதுகாப்புச் சட்டத்தால்தான் வீடு கட்ட முடியவில்லை. வீடு இல்லாததால்தான் வாடகை ஏறுகிறது. சட்டத்தைத் தளர்த்துங்கள், ஏழைக்கு வீடு கிடைக்கும்' என்கிறார்கள். இதிலே உண்மையே இல்லையென்று நான் மறைக்கப் போவதில்லை. வில்லேஜிலே இன்று உழைப்பாளி வாடகைக்கு வீடு தேடினால் கிடைக்காது. பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்துவிடவில்லை. அழகைக் காப்பாற்றியதே விலையை ஏற்றிவிட்டது என்பதும் ஓரளவு மெய்தான். ஆனால் கணக்கைப் பார்ப்போம். நகரம் முழுவதும் இந்தச் சட்டத்தின் கீழுள்ள கட்டடங்கள் சுமார் 38,000. மொத்தக் கட்டடங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு. மிச்சம் தொண்ணூற்றாறிலே ஏழைக்கு மாளிகை எழும்பி நிற்கிறதா? நான்கை இடித்தால்தான் அவன் குடியேற முடியுமா? ஐந்து குடும்பத்தை வெளியேற்றி ஒரு குடும்பம் குடிபுகுவதற்கு அனுமதி கேட்கும்போது, வீட்டுப் பஞ்சத்தைப் பற்றி இந்தக் கனதனவான்கள் வாயைத் திறப்பதில்லையே, ஏன்?

மறுபக்கம், பழமையைப் பூசிக்கும் பெரியவர்கள். மேல் விளிம்பிலே ஒரு பூ வேலைப்பாடு உடைந்தால் உள்ளம் உடைகிறது அவர்களுக்கு. அந்த ஜன்னலுக்குப் பின்னால் நாற்பது ஆண்டு வாழ்ந்த கிழவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது, அவர்கள் எங்கே போயிருந்தார்கள்? இவர்களும் விசாரணைக்கு வருகிறார்கள், முதலாளியின் வக்கீலும் வருகிறார். வராதவன் தொழிலாளிதான். எப்படி வருவான்? விசாரணை வேலை நாளின் பகலிலே நடக்கிறது. மூன்று நிமிடம் பேச ஒருநாள் கூலியை இழக்கவேண்டும்.

ஆனால் வந்தபோதெல்லாம் என்ன நடந்தது என்பதையும் அந்தப் பேட்டைதான் காட்டியிருக்கிறது. 1961-ல், வில்லேஜின் மேற்கே பதினான்கு தெருக்கட்டங்களைச் 'சேரி' என்று முத்திரை குத்தி, புனரமைப்பு என்ற பெயரால் தட்டிவிட நகராட்சி முனைந்தது. ஹட்சன் தெருவிலே குடியிருந்த ஜேன் ஜேக்கப்ஸ் என்ற எழுத்தாளரும், அண்டை அயலாரும், கடைக்காரரும் ஒன்றுசேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே திட்டத்தைக் கைவிட வைத்தார்கள். சற்றுத் தெற்கே, பத்து வரிசை மோட்டார் ஓடும் பாலச்சாலை ஒன்றைப் போட ராபர்ட் மோசஸ் என்ற பெரும் அதிகாரி திட்டமிட்டிருந்தார். சுமார் 2,000 குடும்பங்களும் 800 தொழிற் கடைகளும் தெருவுக்கு வரவேண்டியிருக்கும். 1968 ஏப்ரலில் அதற்கு விசாரணை வைத்தார்கள். பேசுகிறவர் அதிகாரிகளைப் பார்த்துப் பேச முடியாதபடி, ஒலிபெருக்கியைச் சபையின் பக்கம் திருப்பி வைத்திருந்தார்களாம்! மக்கள் மக்களிடமே முறையிட்டுக் கொள்ளட்டும் என்று எண்ணம் போலும். ஜேக்கப்ஸ் அம்மையார் மேடைமேலேயே ஏறிவிட்டார், கைது செய்தார்கள். 1969-ல் பாலச்சாலைத் திட்டம் செத்தது.

அந்தக் கூட்டங்களிலே குடித்தனக்காரர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் இன்று வந்து உட்காரவேண்டும். உட்கார்ந்து, பாதி விண்ணப்பங்களையாவது மாலை வேளையிலே விசாரிக்கச் சொல்லவேண்டும். வீடு விற்பவருக்கு நாற்காலி போட்ட சட்டம், வீடில்லாமல் வாடகை கொடுப்பவருக்கும் ஒரு நாற்காலி போடட்டும். விண்ணப்பப் படிவத்திலே இரண்டு கட்டம் கூடுதலாக அச்சடிக்க எத்தனை டாலர் செலவாகும்? முன்பு எத்தனைக் குடும்பம், பின்பு எத்தனைக் குடும்பம் என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஊர் அதைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

'சட்டத்திலே இடமில்லை' என்று பதில் வரும். இடமில்லாத சட்டத்தை முன்பே ஒருமுறை திருத்தியிருக்கிறார்கள். 1965 சட்டம் வெளிச்சுவரோடு நின்றது. 1973-ல் நகரசபை கூடி, பொதுமக்கள் நுழையும் மண்டபங்களின் உட்புறத்தையும் காக்கலாம் என்று திருத்தம் செய்தது. சுவரைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்க்க அன்றைக்கே வழி செய்தார்கள்.